மாவு மில்லில் தொங்கிய சாவிகள்

எங்கள் ஊரைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்கள் பேசுவதைக் கேட்டால் எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. திருட்டுப் பயமே இல்லாத ஊராம். எம்.ரெட்டியபட்டியிலிருந்து உள்ளே நாலு கிலோமீட்டர் வந்தால், பஸ் திரும்புகிற இடத்தில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் என் டீக்கடை, அந்தப் பக்கம் சங்கரம்மாள் மாவு மில். இருபது வருஷமாக இந்தப் பெருமையை டீ ஆற்றிக்கொண்டே கேட்டவன் நான். சங்கரம்மாளைப் பற்றி எழுத வேண்டியவனும் நான்தான். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

சங்கரம்மாள் பரளச்சியில் பிறந்தவள். இங்கே வாக்கப்பட்டு வந்து, மகளுக்கு ஏழு வயசாகும்போது புருஷன் நெஞ்சுவலியில் போய்விட்டான். மில்லை விற்றுவிட்டு வந்துவிடு என்று அண்ணன் கூப்பிட்டார். அவள் போகவில்லை. பெல்ட் அறுந்தால் அவளே தைப்பாள், கல் தேய்ந்தால் அவளே கழற்றிக் கொத்திப் போடுவாள். அப்படி உழைத்துத்தான் மகளை மல்லாங்கிணறில் கட்டிக்கொடுத்தாள். காலை எட்டு மணிக்கு மோட்டாரைப் போட்டால் சாயங்காலம் ஆறு வரை இடத்தை விட்டு நகர மாட்டாள். மத்தியானச் சோறுகூட அங்கேயேதான். புருவத்தில் எப்போதும் வெள்ளையாக மாவு படிந்திருக்கும், மிளகாய் அரைக்கிற நாளில் மட்டும் சிவப்பாக இருக்கும்.

அவள் நகர மாட்டாள் என்பதுதான் அவளுக்கு வினையானது. நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், காட்டுக்குக் களையெடுக்கப் போகிறவர்கள், அருப்புக்கோட்டைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், எல்லாரும் வீட்டைப் பூட்டிச் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். வீட்டில் யார் முதலில் திரும்புகிறார்களோ அவர்கள் வாங்கிக்கொள்ளலாம் அல்லவா. அவள் சுவரில் ஆணி அடித்து, அடையாளத்துக்கு ஒவ்வொரு சாவியிலும் ஒரு கலர்த் துணியை முடிந்து தொங்கவிட்டாள். முப்பது சாவிக்குக் குறையாது. ஒருத்தரும் ஒரு நாளும் உனக்கு இது தொந்தரவா என்று கேட்டதில்லை.

மில் ஓடும்போது சாதாரணமாகப் பேசினால் காதில் விழாது. அதனால் கத்துவார்கள். குடும்பத்தோடு மதுரைக்குப் போகிறோம், வீட்டில் யாருமில்லை, பொழுதடையத்தான் வருவோம் என்று நடுரோட்டில் நின்று கத்திவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். எந்த வீடு எத்தனை மணி வரை காலி என்பது டிரைவருக்குத் தெரியும், கண்டக்டருக்குத் தெரியும், என் பெஞ்சில் உட்கார்ந்து வடை தின்கிற எவனுக்கும் தெரியும். சங்கரம்மாள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள், சாவியை மட்டும் கொடுங்கள், போகிற ஊர் எனக்கு எதற்கு என்று. சிரித்தார்கள்.

இன்னொன்றும் சொல்லுவாள். எங்கள் ஊர் வீடுகளில் முன்வாசலில் உள்ளங்கை அகலத்துக்குப் பூட்டு தொங்கும். பின்கதவில் தாழ்ப்பாள் துருப்பிடித்து விழுந்து பல வருஷம் ஆகியிருக்கும். உள்பக்கம் ஒரு சணல் கயிற்றை ஆணியில் சுற்றி வைத்திருப்பார்கள், இடுக்கில் கையை விட்டால் அவிழ்ந்துவிடும். அதைச் சரிபண்ணுங்கள் என்பாள். நம்ம ஊருக்குள்ளே எவன் வரப்போகிறான் என்பார்கள். ஊர் முகப்பில் கேமரா வைக்கச் சொல்லிப் போலீஸ்காரர்கள் வந்து கேட்டபோது, அது ஊருக்கே அவமானம் என்று கூட்டம் போட்டுப் பேசிவிட்டு, வீட்டுக்கு வீடு பிரித்த வரிப்பணத்தில் கோயிலுக்கு சீரியல் லைட் வாங்கினார்கள். நானும் கைதட்டினேன்.

போன மாசியில் ஜெகதீஸ்வரன் வீட்டில் பத்தொன்பது பவுன் போனது. பருத்திக் காடும் டிராக்டரும் உள்ள ஆள், ஊர்க் கூட்டத்தில் முதல் நாற்காலி அவருடையது. மகள் ரேணுகாதேவி கல்யாணத்துக்குப் பட்டெடுக்கக் குடும்பத்தோடு மதுரைக்குக் கிளம்பினார்கள். அவர் பெண்டாட்டி தங்கலட்சுமி மில்லில் சாவியைக் கொடுத்து, விலாவாரியாகக் கத்திவிட்டுப் போனாள். சாயங்காலம் வந்து பார்த்தால் முன்பூட்டு பூட்டினபடி இருக்கிறது, பின்கயிறு கட்டினபடி இருக்கிறது, பீரோ மட்டும் திறந்து கிடக்கிறது.

பூட்டை உடைக்கவில்லை என்றால் சாவி வைத்திருந்தவள்தானே எடுத்திருக்க வேண்டும்? அரை மணி நேரத்தில் ஊர் முடிவுகட்டிவிட்டது. போலீஸ் வருவதற்கு முன்பே மில்லுக்குள் புகுந்து டிரம்களைக் கவிழ்த்தார்கள். கம்பு மாவும் சோள மாவும் மிளகாய்த்தூளும் ரோட்டில் கிடந்தன. தங்கலட்சுமி முழங்கை வரை கையை விட்டுத் துழாவினாள். ரெண்டு பெண்கள் சங்கரம்மாளை மில்லுக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சேலையை உதறச் சொல்லிப் பார்த்தார்கள். ஐம்பது வயசு தாண்டியவளை. கொட்டியதில் பாதி அவரவர் வீட்டு மாவு. மறுநாள் அதையும் அவளிடமே வந்து கேட்டார்கள். சீ, என்ன ஜென்மங்கள்.

எஸ்.ஐ. வந்தபோது சங்கரம்மாள் அழவில்லை. ஒரே ஒரு விஷயம் சொன்னாள். பிளாஸ்டிக் குடம் விற்கிறவன் ஒருவன் மூன்று நாளாகப் பைக்கில் வந்தான், குடம் ஒன்றும் விற்கவில்லை, தவசி கடை பெஞ்சில் உட்கார்ந்து மில்லையே பார்த்துக்கொண்டிருந்தான். தவசி என்பது நான். அப்படி ஒருவன் வந்தானா என்று எஸ்.ஐ. ஊர் முன்னால் என்னைக் கேட்டார்.

வந்தான். சர்க்கரை கம்மியாக டீ கேட்பான். தங்கலட்சுமி கத்திவிட்டு பஸ் ஏறியதும் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு அவன் எழுந்து போனதுகூட எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனால் ஆமாம் என்று சொன்னால் ஸ்டேஷனுக்கு வா, கோர்ட்டுக்கு வா என்று இழுப்பார்கள். ஜெகதீஸ்வரன் வேறு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கடை நிற்கிற இடம் அவருடையது.

"எத்தனையோ பேரு வாராக சார், யாரைன்னு ஞாபகம் வைக்க" என்றேன்.

சங்கரம்மாள் என்னை ஒருதரம் பார்த்தாள். பிறகு ஜீப்பில் ஏறினாள்.

அன்று பொழுதடைய அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறமும் நாலு நாள் காலையில் வரச் சொல்லிச் சாயங்காலம் அனுப்பினார்கள். அவளிடம் ஒன்றும் கிடைக்கவில்லை, ஆனாலும் ஊர் விடவில்லை. மல்லாங்கிணறில் மகளை அவள் மாமியார் 'திருடி மகள்' என்று சொல்லிக்காட்டினாளாம். இங்கே ஒருத்தரும் அரைக்க வரவில்லை, ஷேர் ஆட்டோ பிடித்து ரெட்டியபட்டிக்குத் தானியத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஓடாத மில்லின் வாசலில் சங்கரம்மாள் எட்டு மணிக்கு வந்து ஆறு மணி வரை உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குள் அடைந்தால் எடுத்தவள் என்று ஆகிவிடும் என்பதற்காக உட்கார்ந்திருக்கிறாள் என்று நான் நினைத்தேன். நாற்பது நாள் அப்படி இருந்தாள். நான் எதிரே டீ ஆற்றினேன்.

அப்புறம் கோவில்பட்டிப் பக்கம் வேறொரு வீட்டில் அந்தக் குடக்காரன் மாட்டினான். எங்கள் ஊரிலும் எடுத்தேன் என்று ஒப்புக்கொண்டானாம், போலீஸ் கூட்டிவந்தது. ஊரே ஜெகதீஸ்வரன் வீட்டுப் பின்பக்கம் கூடியது. அவன் கதவு இடுக்கில் கையை விட்டுக் கயிற்றை அவிழ்த்துக் காட்டினான், வெளியே நின்றபடியே பழையபடி கட்டியும் காட்டினான். பீரோ சாவி எப்படிக் கிடைத்தது என்று எஸ்.ஐ. கேட்டார்.

"எல்லா வீட்லயும் பீரோ மேலதான் சார் இருக்கும்" என்றான் சலிப்பாக.

வீட்டில் ஆளில்லை என்று யார் சொன்னது என்று கேட்டார். "அவுகதான் சார் சொன்னாக" என்று தங்கலட்சுமியைக் காட்டினான். திரும்புகையில் என்னைப் பார்த்துத் தெரிந்த ஆளுக்குத் தலையாட்டுவது மாதிரித் தலையாட்டினான்.

இதற்கப்புறமாவது ஊருக்குப் புத்தி வந்திருக்கும் என்று நினைப்பீர்கள். அன்று சாயங்காலம் என் கடையில் நடந்த பேச்சை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். பார்த்தாயா, வெளியூர்க்காரன்தான், நம்ம ஊர் ஆள் ஒருத்தனும் இல்லை, நம்ம ஊர் எப்பவும் சுத்தம் என்று ஆளாளுக்கு நெஞ்சை நிமிர்த்தினார்கள். சங்கரம்மாளிடம் போய் ஒரு வார்த்தை சொல்ல ஒருத்தருக்கும் தோன்றவில்லை. மறுநாள் காலையில் ஒன்றுமே நடக்காதது மாதிரி சாவியைத் தூக்கிக்கொண்டு மில் வாசலில் போய் நின்றார்கள். முதல் ஆள் தங்கலட்சுமி.

"எனக்கு வேணாம் தாயி. இன்னொருக்க நகை காணாமப் போனா கொட்டிப் பாக்குறதுக்கு எங்கிட்ட மாவு இல்ல" என்றாள் சங்கரம்மாள்.

அதற்குத் திமிர் பிடித்தவள் என்று பேர் வைத்துவிட்டு, நேரே ரோட்டைத் தாண்டி என்னிடம் வந்தார்கள். தவசி நம்பிக்கையான ஆள் என்று ஜெகதீஸ்வரனே சொன்னார். நானும் வாங்கினேன். பாய்லருக்குப் பின்னால் இப்போது முப்பத்திரண்டு சாவி தொங்குகிறது. ஒரு வீட்டிலும் பின்கதவுக்குத் தாழ்ப்பாள் வரவில்லை, கயிறுதான்.

அரைக்கத் தானியம் திரும்பி வந்தது, சங்கரம்மாள்தான் மோட்டாரைப் போடவில்லை. போன வாரம் விலைக்கு வாங்கினவர்கள் ஒரு லோடு ஆட்டோவில் வந்து மோட்டாரையும் கல்லையும் கழற்றி ஏற்றிக்கொண்டு போனார்கள். மறுநாள் காலை அவள் ஒரு பையோடு என் கடைக்கு வந்தாள். அண்ணன் வீட்டுக்குப் போகிறாள் என்று தெரியும். டீ கேட்டாள், கொடுத்தேன். கடையில் வேறு யாரும் இல்லை. அன்றைக்கு எஸ்.ஐ. கேட்டபோது எனக்கு ஞாபகம் இருந்தது அக்கா, பயத்தில் சொல்லவில்லை என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

அவள் டீயைக் குடித்து முடித்தாள்.

"தெரியும் தவசி. இன்னைக்கு எந்திரிச்சு வந்து சொல்லிருவ, நாளைக்குச் சொல்லிருவன்னுதான் நாப்பது நாளும் உன்னையப் பாத்துக்கிட்டே அங்கன உக்காந்திருந்தேன்."

டம்ளரை அவளே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றாள்.