படிவத்தில் இல்லாத சட்டை

பிரிக்பீல்ட்ஸில் மோனோரயில் பாதைக்குக் கீழே ஒரு போட்டோஸ்டாட் கடையில் நேற்று நின்றுகொண்டிருந்தேன். சூடாக வெளியே வரும் தாளின் வாசனை இருக்கிறதே, சிலருக்கு அது பரீட்சையை நினைவூட்டும். எனக்கு மானியப் படிவம்தான்.

அப்போது எங்கள் நாடகக் குழுவில் நடிப்பு வராத ஒரே ஆள் நான். மலாய் சுமாராக எழுதுவேன் என்பதால் அரசாங்கத்துக்கு விண்ணப்பம் போடுகிற வேலை என் தலையில் விழுந்தது. பண்டமாரானில் ஒரு மண்டபத்தில் ஒத்திகை. நாடகத்தை எழுதியவர் ராஜேஸ்வரி அக்கா; பகலில் துறைமுகக் கிடங்கில் வேலை, சாயங்காலம் கதாநாயகி. கிரேன் விபத்தில் மகனைப் பறிகொடுத்த தாயின் கதை. கடைசிக் காட்சியில் அவன் சட்டையை மடிப்பார், பிரிப்பார், மறுபடி மடிப்பார். எட்டு நிமிடம், ஒரு பேச்சும் கிடையாது. பார்த்துக்கொண்டிருக்கும் எங்களுக்குத் தேநீர் ஆறிப்போகும்.

இதைப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது? மானிய அலுவலகக் கவுண்டரில் இருந்த தமிழர், நல்ல மனிதர்தான், மெல்லச் சொன்னார்: "அண்ணே, மலாய், சீனர், நம்மாளுன்னு மூணு இனமும் சேர்ந்து ஆடுற மாதிரி ஒரு டான்ஸ் வைங்க லா. ஈசியா பாஸ் ஆயிடும்."

நாடகத்தை ஒரு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. நடனம் வந்தால் ஏதாவது போக வேண்டும். சட்டைக் காட்சியை வெட்டலாம் என்று கைகாட்டியவன் நான்தான். அக்கா சிரித்தார்.

"பேசாம இருந்தா கவர்மெண்டு காசு தராதா, தம்பி?"

 

விதிப்படி படிவத்தை மூன்று பிரதி எடுத்தேன். நாடகத்தையும் இணைக்கச் சொன்னார்கள். எனக்கோ அரைநாள்தான் விடுப்பு, அதையும் நகலெடுக்க நேரமில்லை. அக்கா நாடகத்தைக் கையால் எழுதிய ஒரே நோட்டுப் புத்தகத்தை அப்படியே நீட்டிவிட்டேன். அரசாங்க அலுவலகத்தைவிடப் பத்திரமான இடம் ஏது என்ற நினைப்பு. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மானியம் வந்தது. நடனத்துக்கு நல்ல கைதட்டல். அடுத்த ஆண்டு அமைச்சு மாறியது, கொள்கை மாறியது, அலுவலகமும் வேறு இடத்துக்குப் போனது. நோட்டைக் கேட்டு ஏறி இறங்கிய இடமெல்லாம் புதிய முகங்கள். "பழைய ஃபைல் எங்ககிட்ட இல்ல அங்கிள்." குழுவும் கலைந்தது.

போன வாரம் ஜொகூரிலிருந்து அக்கா அழைத்தார். "அந்த நோட்டு உன்கிட்டதானே இருக்கு? மகள் படிக்கணும்னு கேக்குறா."

"இருக்குக்கா, தேடி அனுப்புறேன்" என்று பொய் சொன்னேன். 

என்னிடம் இருப்பது படிவத்தின் மூன்றாவது பிரதி மட்டும். அக்காவுக்கு அனுப்ப அதைத்தான் நேற்று நகலெடுத்தேன். கதைச் சுருக்கம் என்ற கட்டத்தில், என் சுமாரான மலாயில் மூன்றே வரி: மகன் இறக்கிறான். தாய் வருந்துகிறாள். மூவினத்தாரும் கைகோத்து ஆடுகிறார்கள்.

சட்டை அதில் இல்லை.