மூன்றாவது ஜாடி

ஒன்பதாம் வகுப்பில் நடந்த அறிவியல் கண்காட்சியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது. பள்ளிக்கூட நாட்களைப் பற்றி மற்றவர்கள் உருகி உருகிப் பேசும்போது, இவர்களெல்லாம் எந்த ஊரில் படித்தார்கள் என்று யோசிப்பேன். நான் படித்தது ஆம்பூரில்.

எனக்கும் பர்வீனுக்கும் கொடுத்த தலைப்பு செல் சவ்வு. பின் பெஞ்சுக்காரிகளுக்கு எரிமலை கிடைத்தது. எங்களுக்குக் கண்ணுக்கே தெரியாத ஒன்று. தெர்மாகோல் உருண்டைகளை இரண்டு வரிசையாக ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் நூலில் இரண்டு வால் விட்டு, கொழுப்பின் இரட்டை அடுக்கு என்று எழுதினோம். நடுநடுவே செருகிய ஸ்ட்ரா துண்டுகள் புரதங்கள். உயிருள்ள ஒவ்வொரு செல்லையும் சுற்றி இப்படி ஒரு சவ்வு இருக்கிறது, எதை உள்ளே விடுவது, எதை வெளியே நிறுத்துவது என்று அது ஆள் பார்த்துத்தான் விடும் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

ஆனால் எரிமலை பொங்கும்போது தெர்மாகோலை யார் பார்ப்பார்கள்? அதனால் முட்டை வைப்பது என்று முடிவு செய்தோம். முட்டையை இரண்டு நாள் வினிகரில் ஊறவைத்தால் ஓடு கரைந்துபோய், மெல்லிய தோலோடு முட்டை மட்டும் நிற்கும். அந்தத் தோல் செல் சவ்வு இல்லைதான். தண்ணீர் விஷயத்தில் மட்டும் ஏறக்குறைய அதைப் போலவே நடந்துகொள்ளும். வெளியே உப்பு ஜாஸ்தி என்றால் உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியேறி முட்டை சுருங்கும். உப்பு கம்மி என்றால் தண்ணீர் உள்ளே ஏறி முட்டை உப்பும்.

முதல் ஜாடியில் கேன் தண்ணீர். இரண்டாவதில் உப்புக் கரைசல். மூன்றாவது ஜாடி என் சொந்த யோசனை: எங்கள் தெரு போர் தண்ணீர். அதில் சோப்பு நுரைக்காது. கக்கூஸ் கழுவ மட்டும்தான் பிடிப்போம். குடிக்கிற தண்ணீரை அப்பா தினமும் விடிவதற்குள் சைக்கிளில் இரண்டு குடம் கட்டி, ஊருக்கு வெளியே போய்ப் பிடித்து வருவார்.

மறுநாள் காலையில் வகுப்பைத் திறந்து பார்த்தோம். கேன் தண்ணீர் முட்டை பந்து மாதிரி உப்பியிருந்தது. உப்பு நீர் முட்டை சுருங்கித் தொய்ந்து கிடந்தது. மூன்றாவது முட்டையும் சுருங்கியிருந்தது. நாங்கள் ஒரு கல் உப்புகூடப் போடவில்லை. பர்வீன் வாயில் கை வைத்துக்கொண்டாள். நான் ஒரு ஸ்டிக்கரில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன்: “எங்கள் தெரு போர் தண்ணீர். உப்பு சேர்க்கவில்லை.”

சிறப்பு விருந்தினர் வருவதற்கு முன்னால் தலைமையாசிரியை, எங்கள் பெரிய டீச்சர், ஒரு சுற்று வந்தார். அன்றைய விருந்தினர் அப்பா வேலை பார்த்த, தோல் பதனிடும் டேனரியின் முதலாளி. எங்கள் வகுப்பு மின்விசிறிகளின் இறக்கைகளில் அவர் பெயர்தான் சுற்றிக்கொண்டிருக்கும்.

“இன்னா இது? சிலபஸ்ல இருக்கா இதெல்லாம்? எடு முதல்ல” என்றார் பெரிய டீச்சர்.

“இருக்குது மிஸ். சவ்வூடு பரவல். அஞ்சு மார்க் கேள்வி” என்றேன்.

“ஸ்டிக்கரை மட்டும் கிழிச்சிடுடி. இன்னாத்துக்கு பேஜாரு?” என்று பர்வீன் என் காதில் கெஞ்சினாள்.

நான் மாட்டேன் என்றேன். பெரிய டீச்சர் என்னோடு பேசி நேரத்தை வீணாக்கவில்லை. டேனரிக்குப் போன் போட்டு அப்பாவை வரச் சொன்னார்.

அப்பாவுக்கு அங்கே உப்புத்தோல் உதறும் வேலை. தோல் அழுகாமல் இருக்க உப்பு போட்டு அனுப்புவார்கள். அதை உதறி, தொட்டியில் ஊறப்போட வேண்டும். அந்த உப்பும் தொட்டித் தண்ணீரும் கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்பது அவரைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது. வேலைக் கோலத்திலேயே வந்தார். எரிமலைக்காரிகள் மூக்கைப் பொத்தினார்கள். எனக்கு அது உறைக்கவே இல்லை. அப்பா வந்துவிட்டார், இனி யாரும் ஜாடியில் கை வைக்க முடியாது என்று நினைத்தேன்.

அதற்குள் முதலாளியும் வந்துவிட்டார். ஸ்டிக்கரைப் படித்தார். கோபப்படவில்லை, சிரித்தார். அவர் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

“யார் பொண்ணு இது?”

பெரிய டீச்சர் அப்பாவைக் காட்டினார்.

“உன் பொண்ணாப்பா? நம்ம ஊரு தண்ணி அவ்ளோ மோசமா?”

“அப்டிலாம் இல்ல சார். நல்ல தண்ணிதான்” என்றார் அப்பா. “சின்னப் பொண்ணு. தெரியாம எழுதிட்டா.”

சொன்னதோடு விட்டிருக்கலாம். பார்வைக்காக ஜாடி பக்கத்தில் ஒரு பாட்டில் போர் தண்ணீர் வைத்திருந்தேன். அப்பா மூடியைத் திருகினார். அண்ணாந்து, மடக் மடக்கென்று பாதி பாட்டில் குடித்தார். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு முதலாளியைப் பார்த்துச் சிரித்தார். முதலாளி அவர் தோளைத் தட்டிவிட்டு எரிமலையைப் பார்க்கப் போனார். பெரிய டீச்சர் தன் கையாலேயே ஸ்டிக்கரைக் கிழித்தார்.

சாயங்காலம் வீட்டில் கத்தித் தீர்த்தேன். “அந்தத் தண்ணில எங்கள வாய் கொப்புளிக்கக்கூட விடமாட்டியே, எதுக்குப்பா குடிச்ச? அந்த ஆளு குடின்னு சொன்னாரா?”

அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். “விடும்மா. இன்னா ஆயிடுச்சி இப்ப?” என்றார். அன்று ராத்திரி இரண்டு தடவை வாந்தி எடுத்தார். எனக்கு இரக்கம் வரவில்லை. நன்றாக வேண்டும் என்று நினைத்தேன்.

நாற்பத்தைந்து நாள் நான் அவரோடு பேசவில்லை. அவர் தட்டை அம்மாதான் எடுத்து வைக்க வேண்டும். அவர் சுவரைப் பார்த்துப் பேசுவார்: “மழை வர்ற மாதிரி இருக்குது, கொடை எடுத்துனு போகச் சொல்லு.” நான் வேண்டுமென்றே நனைந்துகொண்டு போவேன். கோழை என்று அவருக்கு மனசுக்குள் பெயர் வைத்திருந்தேன். விடியற்காலையில் குடங்களைச் சைக்கிளில் கட்டும் சத்தம் கேட்கும், புரண்டு படுத்துக்கொள்வேன். அவர் பிடித்து வந்த தண்ணீரைத்தான் பாட்டிலில் நிரப்பிப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போனேன்.

போன மாதம் பர்வீன் ஒரு பழைய போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். அதே கண்காட்சி, அதே மதியம். எங்கள் முட்டைக்கு மூன்றாம் பரிசு கொடுத்திருக்கிறார்கள். அதை நான் மறந்தே போயிருந்தேன். மேடையில் முதலாளி சான்றிதழை நீட்டுகிறார். நான் இரண்டு கையாலும் வாங்குகிறேன், முதுகை வளைத்து, முப்பத்திரண்டு பல்லும் தெரிய.

அதை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கு வேலை போய்விடுமோ என்ற பயமும் இல்லை, காப்பாற்ற மகளும் இல்லை. பாதி பாட்டில் குடித்த மனுஷனை நாற்பத்தைந்து நாள் ஒரு பேச்சுக்குப் பட்டினி போட்ட நான், குடிக்க வைத்தவரிடம் ஒரு மணி நேரத்துக்குள் பேசியிருக்கிறேன். என்ன பேசினேன் என்பதும் போட்டோவைப் பார்த்ததும் ஞாபகம் வந்துவிட்டது.

“தேங்க்யூ சார்.”