வெட்டுக்கத்திக்குப் போன பெயர்

குடும்பப் படம் எதை எடுத்துப் பார்த்தாலும் அவள் ஓரத்தில்தான் நிற்பாள். ஒரு தோள் இருக்கும், மறு தோள் படத்துக்கு வெளியே. "நகரு" என்று யாரும் சொல்வதற்கு முன்பே நகர்ந்துவிடும் பிறவி. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு நகர்ந்ததும் அப்படித்தான்.

அச்சகத்தில் தாள் மடிக்கப் போனவள், அடுத்தவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துப் பார்த்தே புத்தக அட்டை வடிவமைக்கக் கற்றுக்கொண்டாள். வருடங்கள் ஓடின. அங்கே அச்சாகும் அட்டைகளில் பாதி அவள் கைவேலை என்றானது. அண்ணன் மட்டும் நம்பவில்லை.

"எட்டாவதோட நின்னவ புத்தகம் பண்றாளாம்! உன் பேரு எங்கடி இருக்கு? காட்டு, ஒத்துக்கறேன்."

காட்டியே தீர வேண்டும் என்று அவளுக்கு வீம்பு பிறந்தது. ஆனால் முதலாளியிடம் கேட்க வாய் வர வேண்டுமே! கதவு வரை போய்த் திரும்பியது எத்தனையோ முறை. ஒருநாள் எப்படியோ கேட்டுவிட்டாள்.

"இதைக் கேக்கவா இத்தனை நாளா கதவுக்குக் காவல் இருந்தே? போட்டுக்கோம்மா" என்றார் அவர்.

அடுத்து வந்த புத்தகத்தின் பின்னட்டையில் தன் பெயரைப் போட்டாள். மாதிரித் தாளில் பார்த்தால், கடைவீதியில் நின்று தானே கூவுவதுபோல் இருந்தது. எழுத்தைச் சிறிதாக்கினாள். கூச்சம் போகவில்லை. கொஞ்சம் கீழே இறக்கினாள். இன்னும் கொஞ்சம். ஓரத்தை இயந்திரம் வெட்டும் வெட்டுக்கோட்டுக்கு மேலே இடம் விடுங்கள் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவள் அவள்தான்!

புத்தகம் தயாரானதும் அண்ணன் வீட்டுக்கு ஓடினாள். அவன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அட்டையைத் திருப்பினான்.

"எங்க?"

"கீழ. நல்லாப் பாரு."

"ஏதோ எறும்பு வரிசை போகுது. அதுக்கும் தலை மட்டும்தான் இருக்கு."

பிடுங்கிப் பார்த்தாள். ஓரம் வெட்டும் இயந்திரம் எழுத்துகளைக் கழுத்தோடு சீவியிருந்தது. அண்ணி சிரிப்பை அடக்கமாட்டாமல் சமையலறைக்குள் ஓடினாள்.

அண்ணன் புத்தகத்தைத் திரும்ப வாங்கி, அந்த எறும்புத் தலைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீயேதான். வேற யாரு இப்படி ஓரமாப் போய் வெட்டுப்படுவா? ஒத்துக்கறேன், போ."

இன்று அந்த அச்சகத்தில் எந்த எழுத்தும் தாண்டக் கூடாத கோட்டுக்கு 'அக்கா கோடு' என்று பெயர். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுகிறார்கள். அட்டைகளை இன்னமும் அவள்தான் செய்கிறாள். அவள் பெயரை மட்டும் அட்டையில் வெட்டு இயந்திரக்காரர்தான் இடம் பார்த்து வைக்கிறார். அதைத் தொட அவளுக்கு அனுமதி இல்லை.