சந்தனம் பூசிய மிஷின்

மரம் சாய்க்கிற தொழிலில் என்னிடம் யோசனை கேட்காதவன், ஜொகூரில் இன்னும் தொழிலையே தொடங்காதவன். தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். யோங் பெங்கில் என் பட்டறை வாசலில் ஒரு நாள் காலையில் வந்து நின்று பாருங்கள், தெரியும். தோட்டத்து ஆள், கம்பம் என்கிற கிராமத்து மலாய்க்காரர், குத்தகை எடுத்த சீனர் என்று எல்லாரும் மோட்டார் ரம்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வருவார்கள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். இன்று என் லாரிகள் போகாத தோட்டம் இந்த வட்டாரத்தில் இல்லை.

"எந்த மிஷின் வாங்கலாம், பெரியவரே?" என்று கேட்பான் ஒரு பையன். நான் திருப்பிக் கேட்பேன்: "கிரீஸ் டப்பா எங்கடா வெச்சிருக்கே?" விழிப்பான். அவனை உட்கார வைத்து, ஒரு தேநீரும் கொடுத்துச் சொல்லி அனுப்புவேன். முறுக்கேறி நிற்கும் கம்பிக் கயிற்றைத் தாண்டாதே. மரத்தில் கை வைக்கும் முன்னால் எந்தப் பக்கம் ஓடப்போகிறாய் என்று பார். அந்த வழியில் கிடக்கிற கொடியை முதலில் வெட்டிப்போடு. மிஷினை அழகு பார்க்காதே, அது அழுக்காகவே இருக்கட்டும்.

கடைசியில் சொன்னதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். சிரிப்பவர்களுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுத்துப் பிழை இருந்தால் அச்சுக் கோக்கிறவர் திருத்திக்கொள்வார். மிஷினைப் பற்றிய பிழை இதில் இருக்காது.

வெள்ளைக்காரன் காலம் அது. சிகாமட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். எனக்கு ஏழு வயதோ எட்டோ இருக்கும். அப்பா ரப்பர் பாலுக்காகப் பட்டையைக் கீறி, பால் மரம் வெட்டுகிறவர் அல்ல; காட்டு வேலைக் கும்பலில் கோடாரி ஆள். ரப்பர் மரத்து வேரில் நோய் விழுந்தால் அதை அடிக்கட்டையோடு பிடுங்கி எரிக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த மரத்துக்கும் தொற்றிவிடும். மரத்தை வெட்டுவது பெரிய காரியமில்லை. கட்டையைப் பிடுங்குவதுதான் ஆளின் உயிரை வாங்கும். இடுப்பளவு குழியில் இறங்கி வேர் வேராக அறுத்துக்கொண்டிருக்க வேண்டும். இதற்காகத்தான் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஒரு மிஷினை வரவழைத்தார்.

ரயிலில் சிகாமட்டுக்கு வந்து, அங்கிருந்து மாட்டு வண்டியில் வந்தது அது. லயத்து வரிசை வீடுகளில் இருந்த பிள்ளைகள் எல்லாரும் பாதி வழியிலேயே போய் எதிர்கொண்டு, வண்டிக்குப் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடி வந்தோம். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக்கூட அப்படி ஓடியதில்லை.

பெரிய உரல் அளவுக்கு ஓர் இரும்பு உருளை. அதில் கம்பிக் கயிறு சுற்றியிருந்தது. பக்கத்தில் ஒரு பல்சக்கரம். அப்பாவை விட உயரமாக ஒரு தண்டு. தண்டை முன்னும் பின்னும் தள்ளத் தள்ள உருளை கொஞ்சம் கொஞ்சமாகக் கயிற்றைச் சுற்றி இழுக்கும். ஒவ்வொரு தள்ளுக்கும் ஓர் இரும்பு நாக்கு 'டக்' என்று பல்லுக்குள் விழுந்து, இழுத்தது பின்னால் திரும்பாமல் பிடித்துக்கொள்ளும். அந்த நாக்கை மறந்துவிடாதீர்கள். அது விழுந்தால் பாரத்தை மிஷின் தாங்கும். விழவில்லையென்றால் தண்டைப் பிடித்திருக்கிற மனிதன் தாங்க வேண்டும்.

துரை கும்பலைப் பார்த்துக் கை நீட்டியது அப்பாவை நோக்கித்தான். அன்றிலிருந்து அவர் மிஷின்காரர். ரப்பர் கட்டைகளை அது பல்லைப் பிடுங்குகிற மாதிரிப் பிடுங்கிப் போட்டது. நானும் சும்மா இருக்கவில்லை. மிஷினைத் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்ட பையன்கள் எனக்கு ஒரு கொய்யாப்பழம் கொண்டுவர வேண்டும் என்று சட்டம் போட்டேன். வியாபாரம் எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை, பாருங்கள்.

அந்த வருஷ ஆயுத பூஜை வந்தது. எங்கள் லயத்துக்கும் பின்னாலிருந்த பள்ளத்துக்கும் நடுவில் ஒரு பட்ட மரம் நின்றது. கெம்பாஸ் மரம். தோட்டம் போட்ட காலத்தில் கோடாரிக்கு மசியாமல் அப்படியே விடப்பட்டது. அதுவும் கொஞ்சம் எங்கள் வீடுகள் பக்கமாகவே சாய்ந்து நின்றது. மழைக்காற்று தொடங்குவதற்குள் அதை மிஷின் போட்டுப் பள்ளத்தின் பக்கம் இழுத்துச் சாய்த்துவிட வேண்டும் என்பது துரையின் உத்தரவு. பூஜைக்கு மறுநாள் காலையில் முதல் இழுப்பு அந்த மரத்துக்கே என்று முடிவானது. அதனால் மிஷினை லயத்துக்கே கொண்டு வந்து எங்கள் வாசலில் இறக்கினார்கள்.

பூஜை அன்று அப்பா பொரி கடலை, வாழைப்பழம் வாங்க டவுனுக்குப் போனார். அம்மா வாசலுக்கு வந்து மிஷினைச் சுற்றி ஒரு சுற்று நடந்தார்.

"இந்த லட்சணத்துலயா இத சாமி முன்னாடி வைக்கிறது?" என்றார் பக்கத்து வீட்டு அத்தையிடம்.

"பாக்கவே சகிக்கல அண்ணி. ஒரே கறுப்பு அழுக்கு. தேச்சுருவமா?"

புளி வந்தது, சாம்பல் வந்தது, தேங்காய் நார் வந்தது. லயத்துப் பெண்கள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பித்தளைக் குடத்தைத் துலக்குகிற மாதிரி ஒவ்வொரு பல்லாகத் தேய்த்து, வெந்நீர் ஊற்றிக் கழுவினார்கள். மிஷின் வெயிலில் மின்னிற்று. பிறகு சந்தனம், குங்குமம். பல்லுக்குப் பல் ஒரு பொட்டு. நாக்குக்கு மட்டும் தனி மரியாதை. 'பேசுறது அதுதானே' என்று அத்தை சொல்ல, அம்மா அதன் மேலும் கீழும், அது ஆடுகிற சந்திலும் சந்தனத்தைக் குழைத்து அப்பினார். அதன் மேல் திருநீறு. நான் பக்கத்தில் நின்று பையன்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்குக் கொய்யாப்பழம் கேட்கவில்லை. பண்டிகை நாள் அல்லவா.

அப்பா திரும்பி வந்தார். மிஷினைப் பார்த்ததும் தலையிலிருந்த கூடையை இறக்காமல் அப்படியே நின்றார்.

"மச்சான், பொண்ணு பாக்க வந்தா இந்த மிஷினத்தான் கட்டிக்கிட்டுப் போவாங்க!" என்றார் என் தாய்மாமா. அவரும் கும்பலில் கோடாரி ஆள்தான்.

"கிரீஸெல்லாம் எங்க?" என்றார் அப்பா.

"அந்த அழுக்கா? ஒரு பொட்டு விடாம எடுத்துட்டேங்க" என்றார் அம்மா. முகம் முழுக்கச் சிரிப்பு.

நல்ல நாளும் பெரிய நாளுமாக யாரும் யாரையும் ஏச மாட்டார்கள். அப்பா கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சூடத்தை ஏற்றினார். பூஜையில் வைத்த ஆயுதத்தை அன்றைக்குத் தொடக்கூடாது. மறுநாள் விடிந்ததும் கிரீஸ் வாங்க ஸ்டோருக்குப் போனால், ஸ்டோர் கணக்கு எழுதுகிற கிராணி சாவியோடு சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தார். அப்பா துணியால் சந்தனத்தை வழித்து, தண்டை நாலு தடவை தள்ளிப் பார்த்தார். நாக்கு டக் டக் என்று விழுந்தது. சந்துக்குள் காய்ந்து இறுகிக் கிடந்தது வெளியே தெரியவில்லை. அதற்குள் துரை நாயோடு வந்துவிட்டார்.

அடடா, அந்தக் காலை! லயத்தில் ஓர் ஆள் உள்ளே இருக்கக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டதால், பாய், கோழி, ஆடு, பிள்ளை என்று எல்லாரையும் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு பிரட்டுக் களத்தில் கூடிவிட்டோம். தினமும் விடியலில் பெயர் கூப்பிடுகிற இடம் அன்று கூத்து பார்க்கிற இடமாகிவிட்டது. மிச்சப் பொரியைக் கொறித்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

மிஷினை லயத்துக் கோடிக்கு அப்பால், மரம் எப்படி விழுந்தாலும் எட்டாத இடத்தில், ஒரு பெரிய கட்டையோடு பிணைத்திருந்தார்கள். கம்பிக் கயிறு பள்ளத்துக்கு எதிர்க்கரையில் கட்டிய கப்பியைச் சுற்றிக்கொண்டு போய் கெம்பாஸ் மரத்தின் மேல் கிளையைப் பிடித்திருந்தது. அப்பா இழுக்க இழுக்க, மாமா வெட்டுவார். இழுப்பு விட்டுப்போனால் மரம் எங்கள் வீடுகள் மேல் வரும். அவ்வளவுதான் கணக்கு.

டக். டக். டக். கயிறு முறுகி, வீணைத் தந்தி மாதிரி நின்றது. மாமாவின் கோடாரி மரச் சில்லுகளைப் பறக்கவிட்டது. பள்ளத்துப் பக்க வெட்டு முடிந்து லயத்துப் பக்க வெட்டில் பாதி போயிருக்கும். அப்பா தண்டைத் தள்ளினார். டக் வரவில்லை. நாக்கு தூக்கினபடியே நின்றுவிட்டது.

"வெட்டாதே மச்சான்!" என்று அப்பா போட்ட சத்தத்தில் மாமா கோடாரியைத் திருப்பி, வெட்டு வாயில் ஆப்பை வைத்து அடிக்கத் தொடங்கினார். அப்பா தண்டின் மேல் நெஞ்சைக் கொடுத்துக் குப்புறச் சாய்ந்து பிடித்திருந்தார். இரண்டு பேர் உதவிக்கு ஓடினார்கள்.

"யாரும் கிட்ட வராதீங்க! தண்டு திரும்புச்சுன்னா மண்ட போயிரும்! எண்ணெ! எண்ணெ கொண்டாங்க!"

துரை ஓர் ஆளை எண்ணெய்க்காகப் பங்களா மேட்டுக்கு விரட்டினார். கும்பலை வேலை வாங்குகிற கங்காணி நாலு பக்கமும் ஓடினார். எண்ணெயெல்லாம் வீட்டுக்குள் இருந்தது, வீடெல்லாம் மரத்துக்கு அடியில் இருந்தது.

அப்போதுதான் அம்மா எழுந்தார். இடுப்பிலிருந்த தங்கச்சியை அத்தை மடியில் போட்டார், முந்தானையைச் செருகினார், ஓடினார். நேராக லயத்தை நோக்கி ஓடினார்.

என் அம்மா ஓடி நான் பார்த்ததே இல்லை. அப்படி ஓர் ஓட்டம்! நான் துள்ளிக் குதித்தேன். "எங்கம்மாடா! எங்கம்மா ஓடுறாங்கடா!" என்று கைதட்டினேன். பையன்கள் எல்லாரும் கூடச் சேர்ந்து தட்டினார்கள். பெரியவர்கள் ஒருவரும் தட்டவில்லை. இவ்வளவு நல்ல வேடிக்கைக்கு இவர்கள் ஏன் வாயில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

"போகாத! ஏ புள்ள, போகாத!" அப்பாவின் குரல் கிழிந்து வந்தது. தண்டை விட்டு அவரால் ஒரு விரலைக்கூட எடுக்க முடியாது.

அம்மா உள்ளே போனார். மரம் முனகிற்று. உச்சியிலிருந்து ஒரு காய்ந்த கொம்பு முறிந்து எங்கள் கூரையில் விழுந்து உருண்டது. மாமா ஆப்பை அடித்துக்கொண்டே இருந்தார். அம்மா வரவில்லை. அப்பா கண்ணை மூடிக்கொண்டு எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். சாமி பெயரா, அம்மா பெயரா, கேட்கவில்லை. கால் கட்டை விரல்கள் மண்ணுக்குள் புதைந்திருந்தன.

பிறகு வாசலில் அம்மா தெரிந்தார், கையில் நல்லெண்ணெய்ச் செம்பு. அதே ஓட்டமாக மிஷினிடம் வந்தார்.

"சந்துல ஊத்து. சந்துல."

அம்மா ஊற்றினார். நாக்கு அசையவில்லை. கொண்டை ஊசியை உருவி, சந்தைக் குத்திக் குடைந்து, இறுகிப்போன சந்தனத்தை நோண்டி எடுத்தார்; கூந்தல் அவிழ்ந்து முதுகில் விழுந்தது. மறுபடி ஊற்றினார்.

டக்!

பிரட்டுக் களமே எழுந்து கூவியது. வேறு ஆள்கள் வந்து தண்டை வாங்கிக்கொள்ளப் பார்த்தார்கள். அப்பா விடவில்லை. 'விழுந்துருச்சு மச்சான், நாக்கு விழுந்துருச்சு, விடுங்க' என்று மாமா வந்துதான் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

அதற்கப்புறம் நடந்ததைச் சொன்னால் எனக்கு இன்னும் மயிர் கூச்செறிகிறது. இரண்டு பேர் தண்டைத் தள்ள, மாமா கடைசி வெட்டைப் போட, கெம்பாஸ் மரம் எங்கள் பக்கம் ஒரு தடவை தலையை ஆட்டிவிட்டு, மெதுவாக, பிறகு வேகமாக, பள்ளத்துக்குள் போயிற்று. தரை குதித்தது. என் கையிலிருந்த பொரி கொட்டிற்று. துரையின் நாய் பங்களா வரைக்கும் நிற்காமல் ஓடிற்று. துரை தொப்பியைக் கழற்றிக்கொண்டு மிஷினிடம் வந்து, குனிந்து மோந்து பார்த்தார்.

"என்ன மேன், மிஷினுக்கு எண்ணெய்க் குளியலா?" என்றார் தமிழில். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் அம்மாவும் சிரிக்கவில்லை. அம்மா கொண்டையைக்கூடப் போடாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மத்தியானம் வீட்டில் சோறு வைத்தார்கள். அப்பா தட்டில் கை வைத்தார். விரல்கள் மடங்கவில்லை. பருக்கைகள் சிதறிக் கீழே விழுந்தன. இரண்டாம் தடவையும் எடுத்துப் பார்த்தார். அம்மா தட்டைத் தன் பக்கம் இழுத்து, குழம்பை ஊற்றிப் பிசைந்து, உருண்டை பிடித்து அவருக்கு ஊட்டத் தொடங்கினார். அம்மாவின் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. அப்பா அவரையே பார்த்துக்கொண்டு, ஒரு வார்த்தைகூட ஏசாமல், வாயைத் திறந்து திறந்து வாங்கிக்கொண்டார்.

நானும் போய் அப்பாவை ஒட்டி உட்கார்ந்து வாயைத் திறந்தேன். என்னை இரண்டு பேரும் பார்க்கவேயில்லை. எனக்கு வந்ததே கோபம்! இவ்வளவு பெரிய ஆளுக்கு அழுதுகொண்டே ஊட்டிவிடுகிறார்களே, மிஷின்காரருக்கு இப்படி ஒரு மரியாதை உண்டு போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். பெரியவனானால் நானும் மிஷின்காரன்தான் ஆவேன் என்று அந்த இடத்திலேயே, வாயைத் திறந்தபடியே, முடிவு செய்தேன்.