மெர்சி அக்காவுக்கு முன்னால் ஓடியவள்

மெர்சி அக்கா ஓட ஆரம்பித்தால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கே மூச்சு வாங்கும். அவருக்கு ஈடுகொடுக்கத்தான் பூமியே கொஞ்சம் வேகமாகச் சுற்றுகிறது. மதுக்கரையில் சீக்கிரம் விடிவதற்கு வேறு காரணம் கிடையாது.

எங்கள் லைன் வீடுகளில் கடைசி வீடு அவருடையது. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் தோட்டத்தில் சின்ன வெங்காயம் பிடுங்கியவர்கள். மகள் பள்ளிப் பந்தயத்தில் வெறுங்காலோடு ஓடி எவர்சில்வர் குடம் வாங்கி வந்த பிறகுதான், அவளுக்குக் கால் இருப்பதையே கவனித்தார்களாம். ஓடியே கல்லூரியில் இடம் வாங்கினார். பத்தாயிரம் மீட்டரில் மாநில அளவில் வெண்கலமும் வாங்கினார். இப்போது ஒரு தனியார் பள்ளியில் பி.டி. டீச்சர். பெற்றவர்கள் இருவரும் இல்லை. சாப்பாட்டை அடுப்பு மேடையருகில் நின்றபடியே முடித்துவிடுவார். உட்கார்ந்தால் எதிரில் ஆள் வேண்டுமாம்.

கூடவே ஓடிக்கொண்டிருந்த சண்முகப்பிரியா போலீஸ் வேலை கிடைத்துச் சென்னைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அக்காவின் வேகம் குறைந்தது. மாநில அணித் தேர்வோ நெருங்கிக்கொண்டிருந்தது.

"இந்தத் தடவையும் எடுக்கலீன்னா ஷூவைத் தூக்கிப் பரண்ல போட்டுருவேன், அம்மணி."

"ஏனுங்க்கா, நல்லாத்தானே ஓடறீங்க?"

"முன்னாடி ஒரு முதுகு தெரியோணும். அதைப் பாத்துட்டே ஓடிப்போடலாம். வெறும் ரோட்டைப் பாத்துட்டு எவ்வளவு நேரம் ஓடறது?"

சரி, ஒரு முதுகைச் செய்துவிடலாம் என்று தோன்றியது. பதினொன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு ஆர்.எஸ்.புரத்தில் செல்போன் கடையில் நிற்கிறவள் நான், இதுகூடத் தெரியாதா? அக்கா தன் ஓட்டத்தைப் பதிவு செய்யும் ஆப்பில் சாய்ப்ரியா என்று ஒருத்தியை உண்டாக்கி, அக்காவோடு சேர்த்துவிட்டேன். ஊர் ஆர்.எஸ்.புரம். கடை திறக்குமுன் ஆப்பை ஆன் செய்து போனைப் பையில் போட்டுக்கொண்டு, ஸ்கூட்டியை ஆள் ஓடுகிற வேகத்தில் ஓட்டுவேன்.

"பெட்ரோல் தீந்துபோச்சா அம்மணி? தள்ளி உடட்டுமா?" என்பார் பின்னால் வரும் ஆட்டோக்காரர்.

அக்கா ஓடும் அதே தூரத்தைச் சாய்ப்ரியா தினமும் கொஞ்சம் முன்னால் முடித்தாள்.

"ஆரு இவ? எங்கிருந்து வந்தா?" அக்கா பல்லைக் கடித்தார். மறுநாள் வேகம் கூடியது. அதற்கு மறுநாள் இன்னும் கூடியது.

ஓர் இரவு குழம்பு கொடுக்கப் போனேன். சாய்ப்ரியா ஓடிய பாதையைப் போனில் விரித்து, சொம்பில் சாய்த்துவைத்து, அதற்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வழக்கமாக எனக்குச் சிரிப்பு வரவேண்டும். வரவில்லை.

தேர்வில் அக்கா இரண்டாவதாக வந்தார். அணியில் இடமும் கிடைத்தது. அன்று சாயங்காலமே சாய்ப்ரியாவுக்கு அவரிடமிருந்து மெசேஜ்: "ஞாயித்துக்கிழமை சேந்து ஓடலாமுங்களா?"

ஸ்கூட்டியையா ஓட அனுப்புவது? யோசித்து யோசித்து, "எனக்குக் கல்யாணமுங்க. இனிமே ஓட மாட்டேனுங்க" என்று அனுப்பினேன்.

அனுப்பிய சூட்டோடு அக்கா எங்கள் வாசலில் நின்றார்.

"இனியா, ஒரு சந்தேகம். ஒன்வேயில எதிர்த்து வராம, ஊரைச் சுத்திப் போய் ஓடறவளை நீ பாத்திருக்கியா?"

"ரூல்ஸை மதிக்கிறவங்களா இருப்பாங்க்கா."

"பெட்ரோல் பங்க்குல வேற நின்னு போறா. உன்ற கடை வாசல்லயே ஓட்டத்தை முடிக்கறா."

"எப்பங்க்கா தெரிஞ்சுது?"

"மொத வாரமே."

"பின்ன எதுக்குங்க்கா ஞாயித்துக்கிழமைக்குக் கூப்பிட்டீங்க?"

"நீயே வந்து சொல்லுவேன்னு பாத்தேன். நீ அவளுக்குக் கல்யாணமே பண்ணி வெச்சுப்போட்டே."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திரும்பித் தன் இருட்டு வீட்டைப் பார்த்தார்.

"அந்தக் கல்யாணத்தை நிறுத்து, கண்ணு. காலைல அவ ஓடோணும்."