தலையணைக்கு அடியில் போகும் பெட்டி

பழுது பார்க்கும் கடையில் அவளுக்குப் ‘புறங்கை’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. புறங்கையால் தொட்டுப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டாள். காய்ச்சல் என்று லீவு கேட்பவரின் நெற்றிகூடத் தப்பாது. அண்ணிக்குத் தன்னைப் பிடிக்காது என்பது அவளுடைய பழைய சந்தேகம். அதைத்தான் தொட்டுப் பார்க்க வழியில்லை.

அண்ணிக்குக் காது கேட்காது. கைக்குழந்தை அழுதால் தலையணைக்கு அடியில் அதிர்ந்து எழுப்புகிற பெட்டி ஒன்றை அண்ணன் செய்திருந்தான். அடாப்டரின் பன்னிரண்டு வோல்ட்டை ஐந்தாகக் குறைக்க உள்ளே ஒரு ரெகுலேட்டர். பழைய ரகம் மிச்ச வோல்ட்டையெல்லாம் சூடாகத் தள்ளும் என்று, சூடே ஏறாத புது ரகமாகக் கேட்டு வாங்கியிருந்தான். சூடே ஏறாது என்று அதை விற்ற கடைக்காரர் அடித்துச் சொன்னாராம்.

“அடிச்சுச் சொன்னாரா? அப்பவே யோசிச்சிருக்க வேணாமா?” என்றாள் அவள்.

அண்ணன் மேசைமேல் ஓடவிட்டுக் காட்டினான். புறங்கைக்குச் சில்லென்றிருந்தது. அதுதான் அவளை உறுத்தியது. உழைக்கிற எதுவும் கொஞ்சமாவது சூடாகாதா? கடைக்காரரைச் சந்தேகித்தாள், அண்ணனைச் சந்தேகித்தாள், கடைசியில் மேசையையே சந்தேகித்தாள். எஃகுத் தகடு பதித்த மேசை. பெட்டியின் சூட்டையெல்லாம் அது சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டிருந்தது.

பெட்டியைத் தலையணைக்கு அடியில் தள்ளித் தலை சாய்த்தாள். கொஞ்ச நேரத்தில் கன்னம் சுட்டது.

“அண்ணி மேசை மேலயா தூங்குறாங்க?”

அண்ணன் சட்டென்று அடாப்டரைப் பிடுங்கினான். பக்கத்தில்தானே குழந்தையும் படுக்கும்.

அடுத்த ரெகுலேட்டரை வாங்க அவளே போனாள். எவ்வளவு மின்சாரம் தாங்கும் என்பது காற்றாடி வைத்து அளந்த கணக்கா, வைக்காமலா என்று கடைக்காரரைத் துளைத்தெடுத்து, தேவையைப் போல மூன்று மடங்கு தாங்குவதாக, சூடு பரவ அகலமான செம்புத் தகடு உள்ளதாக ஒன்றைப் பொறுக்கினாள். அதைப் பெட்டியில் பொருத்திப் பகல் முழுக்கத் தலையணைக்கு அடியில் ஓடவிட்டாள். லேசான வெதுவெதுப்புத்தான்.

அண்ணி பெட்டியை வாங்கிக்கொண்டாள். சிரிக்கவில்லை. தலையணைக்கு அடியில் வைத்துப் போர்வையையும் மூடிவிட்டுக் காத்திருந்தாள். பிறகு கையை நுழைத்துப் பார்த்தாள். எடுத்தாள். மறுபடி நுழைத்தாள்.

இவ்வளவு செய்தும் அண்ணி நம்பவில்லையே என்று அவளுக்குச் சுருக்கென்றது. அப்புறம்தான் கவனித்தாள்: அண்ணி வைத்தது புறங்கையை.

இத்தனை வருடமும் இவளையா சந்தேகப்பட்டோம் என்று வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. அண்ணிக்குப் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள். அண்ணி கையை எடுத்ததும் தன் கையை நுழைத்தாள்.