கந்தப்போடியின் ரியூப்பும் கண்டம் தாண்டிய காற்றும்

வெருகலில் இருந்து இடம்பெயர்ந்த கந்தப்போடி சல்லி என்ற கடற்கரை ஊரில் சைக்கிள் கடை போட்டபோது அவரிடம் இருந்தவை ஒரு பம்ப், ஒரு வாளித் தண்ணீர், தனக்குப் பிழையே வராது என்ற நம்பிக்கை. தொண்ணூற்றாறாம் ஆண்டு மாசிக்குள் பம்ப் மட்டும் பழுதாகியிருந்தது.

புது றப்பர் ரியூப்புகளில் சுருக்கம் விழக்கூடாதென்று, கடலைப் பார்த்த பலகையில் ஆணிக்கு ஆணி இழுத்து மாட்டுவார். தெருவை மறித்த சென்றியில் காவல் நிற்கும் ஆமிக்காரர்கூட அவ்வளவு விறைப்பில்லை.

மீன் வியாபாரி பூரணம் அவரிடம் வாங்கிய மூன்றாவது ரியூப் அன்று காலை அந்தச் சென்றிக்கு முன்னால் வெடித்தது. ஆமிக்காரர் மண்மூட்டைக்குப் பின்னால் படுத்தார்கள். பூரணம் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள். பெட்டிக்குள் சூரை மீன் வெயிலில் நின்றது. அவர்கள் போகவிட்டதும், சைக்கிளை உருட்டிக்கொண்டு நேரே கடைக்கு வந்தாள்.

"இன்னொருக்கா வெடிச்சா என்னைச் சுட்டுப்போடுவாங்கள், போடியார்!"

"பிழை என்ரையில்லை தங்கச்சி. ஓசோன். எங்கேயோ ஐரோப்பாவில, சீனாவில வாகனப் புகையும் வெயிலும் சேர்ந்து உண்டாகிற வாயு. மேல்காத்தில ஏறிக் கிழமைக்கணக்கா கண்டம் விட்டுக் கண்டம் வருதாம். றப்பரை வெடிக்கப்பண்ணும். ஸுஹைர் மாஸ்டர் சொன்னவர்."

"நான் டவுனுக்குப் போக நாலு சென்றியில இறங்கிப் பாஸ் காட்டவேணும். அதிட்டை ஒருத்தரும் பாஸ் கேக்கேல்லையோ?"

நிலாவெளியில் விஞ்ஞானம் படிப்பிக்கும் ஸுஹைர் மாஸ்டர் பிரேக் பூட்ட அங்கேயே காத்திருந்தார். பூரணம் அவர் பக்கம் திரும்பினாள்.

"உண்மையோ மாஸ்டர்?"

"ஓம், வாறது உண்மைதான். எவ்வளவு எங்கேயிருந்து எண்டு சொல்ல ஏலாது, எங்கட புகையும் கிடக்கு. ஆனா போடியார் பாதிக் கதையில எழும்பிப் போயிட்டார். இழுபட்டு நிக்கிற றப்பரைத்தான் அது கீறிக் கீறி வெடிக்கப்பண்ணும். சும்மா கிடக்கிறதைப் பெரிசாத் தொடாது."

மூன்று பேரும் பலகையைப் பார்த்தார்கள். ஆணியில் வளைந்த இடமெல்லாம் பித்தவெடிப்புப்போல கீறல்.

"ஐரோப்பாக்காரன் வந்து ஆணி அடிச்சவனோ?" என்றாள் பூரணம்.

கந்தப்போடி பலகைக்குக் கீழே குனிந்தார். கடைப்பெட்டிக்குள் இழுபடாமல் மடங்கிக் கிடந்த ஒரு ரியூப்பை எடுத்தார்; பூட்டினார்; பழுதான பம்பைத் தட்டித் தட்டிக் காற்றடித்தார். வாளித் தண்ணீரில் இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தது போதாமல் காதிலும் வைத்துக் கேட்டார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டி, மீன்பெட்டியோடு சைக்கிளில் தானே ஏறினார்.

"எங்க போறியள்?"

"சென்றியால போய்ப் பாக்கிறன். வெடிச்சா நான் கையைத் தூக்கிறன்."

"மெல்லப் போங்கோ!" பூரணம் பின்னால் ஓடினாள். "உங்களுக்காகச் சொல்லேல்லை, மீன் கிடக்கு!"